முதல் வெளியீட்டில் பேச்சு இல்லை

பிரிக்ஃபீல்ட்ஸ்,
11.4.1993

வேலாயுதத்துக்கு,

நீ பல தடவை போன் செய்தாய். நான்தான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ பேசிக்கொண்டே போவாய். நான் ‘சரி, சரி’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். வைத்த பிறகுதான் கேட்க வேண்டியது ஞாபகத்துக்கு வரும். அதனால் இந்தத் தமிழ் டைப்ரைட்டரின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அடித்ததைத் திரும்பப் பார்க்க எனக்குக் கண் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ எங்கள் வக்கீல் அலுவலகத்துக்கு வந்து மூன்று கம்ப்யூட்டரிலும் புதிய சிஸ்டத்தை ஏற்றிவிட்டுப் போன அன்று நான் லீவில் இருந்தேன். மறுநாள் போய் சுவிட்சைப் போட்டேன். திரையில் உள்ளதை எனக்கு வாசித்துச் சொல்லும் என் பேசும் பெட்டி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வயர் கழன்றிருக்கும் என்று நினைத்து மேசைக்கடியில் புகுந்து தடவிப் பார்த்தேன். வயர் சரியாகத்தான் இருந்தது. அதற்குள் பக்கத்து மேசைப் புஷ்பவல்லி புதிய சிஸ்டத்தோடு வந்த தாளை எடுத்து வாசித்தாள். இந்த வெளியீட்டில் பேச்சுக் கருவிகள் இயங்காது என்று அதில் அச்சடித்தே இருக்கிறதாம்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். வக்கீல் சிவகுருநாதன் சார் டேப்பில் பேசி வைப்பதைக் காதில் கேட்டு அஃபிடவிட்டாக அடித்துக் கொடுப்பேன். அந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் நான் அடித்த ஒவ்வொரு பக்கத்தையும் வேறொருவர் படித்துப் பிழை சொல்ல வேண்டும். பெட்டி வந்த பிறகு என் பிழையை நானே கேட்டு நானே திருத்தினேன். இப்போது டெலிபோன் மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

நீ அந்தத் தாளைப் படித்தாயா இல்லையா? பழைய சிஸ்டத்தைத் திரும்பப் போட முடியுமா? இந்த இரண்டுக்கும் பதில் எழுது. உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு வீரம்மாதான் வாசிப்பாள். அவளுக்குத் தெரியக்கூடாதது எதையும் எழுதாதே.

தனலெட்சுமி

•

ஷா ஆலம்,
18.4.1993

அன்புள்ள அக்காவுக்கு,

வீரம்மா அக்காவுக்கு வணக்கம். வாசிக்கச் சிரமமில்லாமல் இருக்க எழுத்தைப் பெரிதாகவே எழுதியிருக்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: படித்தேன். வேலைக்குப் போகுமுன் அந்தத் தாளைப் படிப்பது என் வழக்கம். பிப்ரவரியிலேயே உங்கள் சாரிடம் சொன்னேன். “சார், அக்காவோட மெஷின் மட்டும் பழசாவே இருக்கட்டும்” என்றேன். அவர், “ஒண்ணு பழசு, ரெண்டு புதுசுன்னா ஃபைல் எப்படிப் போய் வரும்? எல்லாத்தையும் மாத்துங்க. தனத்துக்கு வேற வேலை பார்த்துக்கலாம்” என்றார். அவர் உங்களிடம் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. திரும்பப் போட முடியாது. இந்தப் புதிய சிஸ்டம் பழையதன் மேல் ஏறாது. டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் போட முடியும். அது ஃபைல்களை எழுதும் முறையும் வேறு; பழைய சிஸ்டம் அதைப் படிக்காது. பழைய டிஸ்கெட்டுகளைக் கொடுத்தால்தான் புதியது தருவார்கள் என்பது திட்டம். அவற்றை நானே வாங்கிக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டேன்.

பெட்டி ஏன் பேசவில்லை என்றால், முன்பெல்லாம் எந்த புரோகிராமும் நேராகப் பின்பக்கத்துப் போர்ட்டுக்குப் பேச்சை அனுப்பலாம். புதியதில் எல்லாமே சிஸ்டத்திடம் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். உங்கள் பேசும் புரோகிராமுக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. இது முதல் வெளியீடு. முதல் வெளியீட்டில் இப்படிப் பல குறை இருக்கும். அடுத்த அப்டேட்டில் சரியாகும் என்கிறார்கள்.

வேலா

•

பிரிக்ஃபீல்ட்ஸ்,
2.5.1993

வேலாயுதத்துக்கு,

உன் கடிதத்தை வீரம்மா இரண்டு தரம் வாசித்தாள். முதல் தரம் எனக்காக. இரண்டாவது தரம் அவளுக்காக. “உன் தம்பி பொய் சொல்லல தனம்” என்றாள். பொய் சொன்னாய் என்று நான் எங்கே எழுதினேன்?

சாரிடம் கேட்டேன். “உங்க தம்பிதானே போட்டார், வீட்ல சொல்லியிருப்பார்னு நினைச்சேன்” என்றார். நீ அவர் சொல்வார் என்று நினைத்தாய். அவர் நீ சொல்வாய் என்று நினைத்தார். நடுவில் நான் எங்கே போனேன்? பிப்ரவரியில் அவரோடு பேசினாய் என்று எழுதியிருக்கிறாய். மார்ச்சில் பந்திங்கில் மாமா மகள் கல்யாணத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய். இலையில் எது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். வடை இடது பக்கம், பாயசம் மேலே என்று சொல்லத் தெரிந்த உனக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

டெலிபோன் மேசை எப்படி என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கெட்ட வேலை இல்லை. மணி அடிக்கும், எடுப்பேன், யாருக்கு என்று கேட்டு மாற்றிவிடுவேன். ஒரு கட்சிக்காரர் ‘குரல் நல்லா இருக்கு மிஸ்’ என்றார். ஆனால் போன வாரம் ஒரு பெண் வேலைக்கு நேர்காணலுக்கு வந்தாள். எந்த வேலைக்கு என்று நான்தான் போனில் விசாரித்துக் குறித்துக் கொடுத்தேன். டைப்பிஸ்ட் வேலைக்கு. என் நாற்காலிக்கு.

பார்வை உள்ளவர்களுக்கு என்னை உட்கார வைக்கத் தெரிந்த இடம் டெலிபோன் மேசை ஒன்றுதான். பள்ளிக்கூடத்தை முடித்தபோதும் அதைத்தான் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லி, டைப்பிங் பரீட்சை எழுதி இந்த இடத்துக்கு வந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதவில்லை.

அப்டேட் எப்போது வரும்? ‘என்கிறார்கள்’ என்று எழுதாதே. யார் என்கிறார்கள்?

தனலெட்சுமி

•

ஷா ஆலம்,
6.6.1993

அன்புள்ள அக்காவுக்கு,

பந்திங்கில் நான் சொல்லியிருக்க வேண்டும். சாப்பிடும்போது எதற்கு என்று தள்ளிப் போட்டேன். பிறகு தள்ளிக்கொண்டே போய்விட்டது.

பதில் தாமதமானதற்குக் காரணம், தெரியாமல் எதையும் எழுத வேண்டாம் என்று காத்திருந்ததுதான். எங்கள் மேலாளர் ரெங்கசாமியிடம் போய்க் கேட்டேன். “ஒரு ஆளுக்காகக் கம்பெனி சாஃப்ட்வேர மாத்துமா வேலா? நீ என்ன லா பேசுற?” என்றார். அவரை விட்டுவிட்டு சிங்கப்பூர் அலுவலகத்துக்கு நானே ஃபேக்ஸ் அனுப்பினேன். இரண்டாம் முறை அனுப்பியதற்குப் பதில் வந்தது. அப்டேட் தயாராகிவிட்டது. உங்கள் பெட்டி மாதிரியான கருவிகளுக்குப் போர்ட்டைத் திறந்து விடுகிறார்கள். டிஸ்கெட்டுகள் இந்த மாதக் கடைசியில் என் கைக்கு வரும்.

ஆனால் இதிலும் குறை இருக்கிறது. இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்று, உங்கள் அலுவலகத்தில் நான் போட்டது முதல் தொகுதி. அப்டேட் அதன்மேல் ஏறாது. மறுபடி டிஸ்க்கை அழித்து, இரண்டாம் தொகுதியை அடிப்படையிலிருந்து போட்டு, பிறகு அப்டேட் போட வேண்டும். இன்னொன்று, போடும்போது பெட்டி பேசாது. எல்லாம் முடிந்து சிஸ்டம் எழுந்த பிறகுதான் பேசும். அப்போதும் கறுப்புத் திரையில் வரும் எழுத்தை மட்டுமே வாசிக்கும். புதிய படத் திரையில் உள்ள எதையும் வாசிக்காது. நீங்கள் முன்பு டைப் அடித்த பழைய எடிட்டரைக் கறுப்புத் திரையில் ஓட்டினால் நீங்கள் அஃபிடவிட் அடிக்கலாம். அவ்வளவுதான்.

டிஸ்கெட் வந்ததும் ஒரு சனிக்கிழமை நானே வந்து போட்டுத் தருகிறேன்.

வேலா

•

பிரிக்ஃபீல்ட்ஸ்,
13.6.1993

வேலாயுதத்துக்கு,

குறைகளை முன்கூட்டியே எழுதியது நல்லது.

நீ வர வேண்டாம். வீம்புக்குச் சொல்லவில்லை. நீ வந்து போட்டுவிட்டுப் போவாய். அது என்றைக்காவது கெடும். அப்போது மறுபடி உனக்காகக் காத்திருக்க வேண்டும். உனக்கு ஷா ஆலத்தில் வேலை, குடும்பம். சாருக்கும் அவசரம். அந்த இடைவெளியில் இன்னொரு பெண் நேர்காணலுக்கு வருவாள்.

டிஸ்கெட்டுகளை அனுப்பு. எந்த டிஸ்கெட் எது என்று எனக்குத் தெரிய அவற்றின் மேல் ஏதாவது ஒட்டு. திரையில் வருவதையெல்லாம் வரிசையாக எழுது. எது வந்தால் எந்தக் கீ என்பதும் வேண்டும். வீரம்மா வாசிக்க வாசிக்க நான் பிரெயிலில் குத்தி வைத்துக்கொள்கிறேன். நானே போடுவேன்.

சாரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். “முடியுமா தனம்?” என்றார். முடியாவிட்டால் இப்போது இருப்பது போலத்தானே இருக்கும் என்றேன்.

தனலெட்சுமி

•

ஷா ஆலம்,
3.7.1993

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சலில் டிஸ்கெட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் கெட்டி அட்டையை வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஒரு துண்டு இருந்தால் முதல் டிஸ்கெட், இரண்டு இருந்தால் இரண்டாவது, அப்படியே கடைசி வரை. அப்டேட் டிஸ்கெட்டுகளில் அட்டைக்குப் பதில் துணி ஒட்டியிருக்கிறேன். கலந்துவிடக் கூடாது என்பதற்காக.

அலுவலகத்தில் ஒரு புதிய மெஷினில் திரையை அணைத்துவிட்டு நானே போட்டுப் பார்த்தேன். முதல் முறை நடுவில் தொலைந்து போனேன். ரெங்கசாமி வந்து, “திரை ரிப்பேரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டாம் முறை கடைசி வரை போனேன். திரை இல்லாமல் எனக்குத் தெரிந்ததை மட்டும்தான் கீழே எழுதுகிறேன். உங்களுக்கு அதுதானே பயன்படும்.

முதல் டிஸ்கெட்டைப் போட்டு சுவிட்சைத் தட்டுங்கள். டிரைவ் கரகரவென்று ஓடும். ஓடி நின்றதும் என்டர். மறுபடி ஓடி நின்றால் அடுத்த டிஸ்கெட் கேட்கிறது என்று அர்த்தம். போட்டு என்டர். இரண்டாவது முடிந்ததும் ஒப்பந்தம் என்று ஒரு நீளமான தாள் வரும். யாரும் படிப்பதில்லை. F8. பிறகு எந்த டிஸ்க்கில் போட வேண்டும் என்று கேட்கும். D, என்டர், L. இந்த இடத்தில் டிஸ்க் அழியும். அதன்பின் நீண்ட நேரம் ஓடும், பயப்பட வேண்டாம். டிரைவ் ஓடாமல் ஒரு பீப் மட்டும் வந்தால் தப்பான டிஸ்கெட். எடுத்து மாற்றுங்கள்.

மீதியை அடுத்த இரண்டு பக்கங்களில் எழுதியிருக்கிறேன். வீரம்மா அக்கா ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி வாசிக்கவும்.

கடைசியில் சிஸ்டம் எழுந்ததும் பெட்டி தன் பெயரைச் சொல்லும். சொல்லாவிட்டால் எனக்கு எழுதுங்கள். போன் செய்தாலும் சரிதான்.

வேலா

•

பிரிக்ஃபீல்ட்ஸ்,
18.7.1993

வேலாயுதத்துக்கு,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை அலுவலகம் அரை நாளோடு முடிந்தது. புஷ்பவல்லி வீட்டுக்குப் போகவில்லை. “நான் உக்காந்து திரையைப் படிக்கிறேங்க்கா” என்றாள். உட்கார், ஆனால் நான் கேட்காமல் படிக்காதே என்றேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குவே பலகாரத்தைத் தின்ன ஆரம்பித்தாள்.

பிரெயில் தாளை மடியில் வைத்துக்கொண்டேன். முதல் டிஸ்கெட், இரண்டாவது, F8 எல்லாம் நீ எழுதியபடியே போனது. டிரைவின் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. நீ கரகர என்று எழுதியிருந்தாய். அதைவிட மாவு சலிக்கிற சத்தம் போலத்தான் இருந்தது. D அழுத்தினேன். என்டர் அழுத்தினேன். L மேல் விரலை வைத்துவிட்டேன்.

“அக்கா, கைய எடுங்க.”

எடுத்தேன். திரையில் ஏதோ ஃபைல் அழியும் என்று வருகிறதாம். “அதுல என்னோட ஃபைல் எல்லாம் இருக்கு. உங்க மெஷின் சும்மாதானே இருக்குன்னு சார் அதுலதான் சேவ் பண்ணச் சொன்னாரு. கிள்ளான் நில வழக்கு பூரா அதுலதான் இருக்கு” என்றாள்.

நீ போட்டுப் பார்த்தது புதிய மெஷின். அதில் ஒன்றும் இருந்திருக்காது. உன்மேல் தப்பு சொல்லவில்லை. ஆனால் என் மெஷினில் வேறொருவர் குடியேறியிருப்பது எனக்கும் தெரியாது. யாரும் சொல்லவில்லை. இது எனக்குப் பழகிக்கொண்டு வருகிறது.

அணைத்துவிட்டோம். திங்கட்கிழமை சாரிடம் போய் நின்றேன். “இப்ப விட்டுடுங்க தனம். கேஸ் முடியட்டும். வேலை நிக்கக் கூடாது” என்றார்.

“ஏப்ரல்லேருந்து என் வேலை நிக்குதே சார்” என்றேன்.

அறையில் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போய்விட்டாரா இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி நிற்பதுதான் எனக்கு எப்போதும் கஷ்டம். கொஞ்ச நேரம் கழித்து, “புஷ்பவல்லிகிட்ட எல்லாத்தையும் காப்பி எடுக்கச் சொல்லுங்க” என்றார்.

நேற்று மறுபடி உட்கார்ந்தோம். இந்தத் தரம் L அழுத்துவதற்கு முன்னால் நானே புஷ்பவல்லியைக் கேட்டேன். எல்லாம் எடுத்தாயிற்று என்றாள். அழுத்தினேன். துணி ஒட்டிய டிஸ்கெட்டுகள் வரை வந்தோம். அதில் ஒன்றைத் தலைகீழாகச் செருகப் பார்த்தேன், போகவில்லை. வேறு தடங்கல் இல்லை. சிஸ்டம் எழுந்தது. பெட்டி தன் பெயரைச் சொன்னது. பிறகு தேதியைச் சொன்னது. பிறகு தனக்குப் புரியாத ஏதோ ஒரு குறியை விடாமல் ‘ஸ்டார் ஸ்டார் ஸ்டார்’ என்று சொல்லிக்கொண்டே போனது. புஷ்பவல்லி சிரித்தாள். நான் அடுத்து எடிட்டரைத் திறந்தேன்.

கறுப்புத் திரையில் பழைய எடிட்டர் ஓடுகிறது. முன்பைவிடத் தாமதமாகப் பேசுகிறது. நான் ஒரு வரி அடித்து முடித்த பிறகு அது பாதி வரியில் இருக்கிறது. நான் அடிப்பதைப் புஷ்பவல்லிதான் புதிய திரைக்கு மாற்றி அழகுபடுத்துகிறாள். நாளையிலிருந்து காலையில் டெலிபோன், மதியத்துக்கு மேல் அஃபிடவிட் என்று சார் சொல்லியிருக்கிறார். பழைய நிலைமை முழுதாகத் திரும்பவில்லை. பாதி திரும்பியிருக்கிறது.

நேர்காணலுக்கு வந்த பெண்ணுக்கு வேலை இல்லை என்று நான்தான் போனில் சொன்னேன். அதுவும் நல்லாயில்லை.

ஒரு விஷயம். எங்கள் பார்வையற்றோர் சங்கத்துக்கு வருகிற பக்கிரிசாமி என்பவர் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் டெலெக்ஸ் செய்திகளை அடிக்கிறார். அவருக்கும் என்னைப் போலத்தான் கண். என் பெட்டி மாதிரியேதான் அவரிடமும் ஒன்று இருக்கிறது. அவர் கம்பெனிக்கும் புதிய சிஸ்டம் வரப்போகிறது என்று சொன்னார். சந்தோஷமாகச் சொன்னார். அதில் பெட்டி பேசாது என்று அவரிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. போடப் போவது உங்கள் ஆட்களாக இருந்தால் நீ சொல்.

தனலெட்சுமி

•

ஷா ஆலம்,
29.8.1993

அன்புள்ள அக்காவுக்கு,

கிள்ளான் வேலைக்குப் போக வேண்டியவனே நான்தான்.

போட வேண்டிய நாளுக்கு முன்னால் ஒரு மதியம் போனேன். வரவேற்பில் மேலாளரைக் கேட்காமல் பக்கிரிசாமியைக் கேட்டேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். பெட்டி பேசிக்கொண்டிருந்தது. என் பெயரைச் சொன்னேன், தனலெட்சுமியின் தம்பி என்றும் சொன்னேன். புதிய சிஸ்டத்தில் என்னென்ன வேலை செய்யாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்டேட்டில் எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு கிடைக்காது என்பதையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, “டெலெக்ஸ் வர்ற நேரத்துல அது பின்தங்குச்சுன்னா எனக்கு ஆவாது தம்பி. கப்பல் எனக்காக நிக்காது” என்றார். “வேணாம்னு நான் சொன்னா கேப்பாங்களா?”

வாங்க, சேர்ந்து போய்ச் சொல்லலாம் என்றேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மேலாளர் அறைக்குப் போனோம். மேலாளருக்கு முதலில் பிடிக்கவில்லை. “ஆர்டர் கொடுத்தாச்சு பாஸ். இப்ப வந்து முடியாதுன்னா?” என்றார். பக்கிரிசாமியின் மெஷினைத் தொடாமல் மற்றவற்றை மாற்றலாம், ஃபைலைப் பழைய முறை டிஸ்கெட்டில் கையால் எடுத்துப் போகலாம், அந்த டிஸ்கெட்டை இரண்டு சிஸ்டமும் படிக்கும் என்றேன். அவர் யோசித்தார். பக்கிரிசாமி அங்கேயே நின்றுகொண்டிருந்ததால் மேலாளரால் ‘வேறு வேலை பார்த்துக்கலாம்’ என்று சொல்ல முடியவில்லை என்று நினைக்கிறேன். கடைசியில், யோசித்துச் சொல்கிறேன் என்று முழு ஆர்டரையும் நிறுத்தி வைத்துவிட்டார்.

ரெங்கசாமிக்கு விஷயம் போய்விட்டது. கூப்பிட்டுக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து வெளி வேலை எனக்கு இல்லை. கிடங்கில் டிஸ்கெட் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலை. வீட்டில் என் மனைவிக்கு வருத்தம். எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். வெயிலில் லோரிகளுக்கு நடுவே கிள்ளான், பந்திங், டெங்கில் என்று சுற்றுவது எனக்குப் பிடித்த வேலை.

இதைச் செய்ததால் உங்கள் விஷயம் சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. வீரம்மா அக்கா இந்த வரியைக் கொஞ்சம் மெதுவாக வாசிக்கவும்.

வேலா

•

பிரிக்ஃபீல்ட்ஸ்,
12.9.1993

தம்பி வேலாயுதத்துக்கு,

வீரம்மா மெதுவாகத்தான் வாசித்தாள்.

பக்கிரிசாமி சங்கத்துக்கு வந்திருந்தார். உன்னைப் பற்றி நிறையப் பேசினார். நீ அவரிடம் அவசரப்படாமல் பேசினாய் என்றார். நீ அப்படிப் பேசி நான் கேட்டதில்லை, ஆனாலும் நம்பினேன். அவர் மெஷின் இன்னும் அப்படியே இருக்கிறதாம். கிடங்கு வேலை உனக்கு ஒத்துப் போகிறதா? தூசி உனக்கு ஆகாது, மூக்கில் துணி கட்டிக்கொள்.

என் வேலை நடக்கிறது. நில வழக்கின் கடைசி அஃபிடவிட்டை நான்தான் அடித்தேன். அதில் ஒரு இடத்தில் சர்வே எண்ணைத் தப்பாக அடித்திருந்தேன். பெட்டி தாமதமாக வந்தாலும் அதைச் சொல்லிக் கொடுத்தது. திருத்திவிட்டேன்.

வியாழக்கிழமை சார் என் மேசைக்கு வந்தார். வழக்கமாக மணி அடித்துக் கூப்பிடுவார். இல்லாவிட்டால் புஷ்பவல்லியிடம் சொல்லி அனுப்புவார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. “தனம், அடுத்த வருஷம் இதோட ரெண்டாவது வெளியீடு வருதாம். வாங்கலாமான்னு யோசிக்கிறேன். உங்களுக்கு ஒத்து வருமா?” என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டதில்லை. எனக்குத் தெரியாது சார், என் தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். “சரி, கேட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் வாங்கல” என்றார்.

அதனால் கேட்கிறேன். ஒத்து வருமா? விசாரித்து எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது.

அன்புடன்,
அக்கா